4.2 என்று ஒரு ரிப்போர்ட், 3.8 என்று ஒரு ரிப்போர்ட்: மதுரையில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு எக்கோ எடுக்கப் போகிறவர்களுக்கு

மதுரையில் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கோரிப்பாளையத்தில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் பஸ் ஜன்னல் வழியாகவே எத்தனையோ போர்டு கண்ணில் படும். ஆனால் விளையாடுகிற பிள்ளைகளின் இதயத்தை, அதிலும் இதயத்திலிருந்து கிளம்புகிற பெருந்தமனியை, இது ஒரு விளையாட்டுக்காரனின் உடம்பு என்று புரிந்து பொறுமையாக அளந்து பார்க்கிற இடம் வேண்டும் என்றால் கொஞ்சம் விசாரித்துத்தான் போக வேண்டும். கே.கே. நகர் பக்கம் ஒரு தெருவுக்குள் இருக்கிற சின்ன இதய மையம் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே இருக்கிற டாக்டர் அம்மா தன் பெயரோ மையத்தின் பெயரோ வெளியே வர வேண்டாம், அது விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று சொன்னதால் பெயர் போடவில்லை. பரவாயில்லை. என்ன பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று விவரமாக எழுதிவிடுகிறேன், நீங்கள் எந்த மையத்துக்குப் போனாலும் அதையே கேட்டு வாங்கலாம்.

போனது என் அக்கா மகனுக்காக. பத்தொன்பது வயது, உயரம் 193 சென்டிமீட்டர், எடை 82 கிலோ, கல்லூரி வாலிபால் அணியில் பிளாக்கர். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் கோடைக்காலத்தில் நடக்கிற மின்னொளிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த உயரத்தில் ஒரு பையன் இருந்தால் ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். மாநில அளவிலான முகாம் ஒன்றுக்கு உடல் தகுதிச் சான்று கேட்டார்கள். அதற்காக ஊருக்குள் வேறொரு ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுத்ததில், பெருந்தமனியின் வேர்ப் பகுதி (இதயத்தோடு சேருகிற அடிப்பகுதி) 4.2 சென்டிமீட்டர், விரிவடைந்துள்ளது, விளையாட்டைத் தவிர்க்கவும் என்று வந்துவிட்டது. அவ்வளவுதான், ஒரு வரி. எங்கே அளந்தார்கள், எந்தக் கோணத்தில் அளந்தார்கள், இந்த உயரத்துக்கு எவ்வளவு இருக்கலாம், அடுத்து என்ன செய்வது, எதுவும் இல்லை. கேட்டதற்கு ‘ரிப்போர்ட்ல இருக்கறதுதாங்க’ என்று பதில். அக்கா அன்றைக்கே சாப்பாட்டை விட்டுவிட்டாள். பையனோட பயிற்சியாளரிடம் சொன்னால் அவர் நேர் எதிராக, ‘பிளேயர்ஸுக்கு ஹார்ட் பெருசாத்தான் இருக்கும், அதெல்லாம் பாத்தா எவனும் ஆட முடியாது’ என்று முடித்துவிட்டார்.

இந்த இரண்டு பதிலுமே தப்பு. அதை நான் தெரிந்துகொண்டது கே.கே. நகரில்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பயிற்சியாளர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை மைதானத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். வருடக்கணக்காகக் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதயத்தின் அறைகள் பெரிதாவதும் சுவர் கொஞ்சம் தடிப்பதும் உண்மை, அது பெரும்பாலும் நல்ல மாற்றம்தான். ஆனால் பெருந்தமனி அப்படி இல்லை. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் போல ரத்தத்தைத் தாங்குகிற அந்தக் குழாய், நல்ல ஓட்டக்காரர் முழு வேகத்தில் ஓடும்போது இருபத்தைந்து முப்பது லிட்டரைத் தாங்குகிறது, அப்படியிருந்தும் அது விரிவது ரொம்பக் கொஞ்சம். விளையாட்டு வீரர்களையும் விளையாடாதவர்களையும் வைத்துச் செய்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2013-ல் ஒரு கணக்கு வெளியானது. வீரர்களுக்குப் பெருந்தமனி வேர் சராசரியாக 3.2 மில்லிமீட்டர்தான் அதிகம். இத்தாலியில் 2,317 உயர்மட்ட வீரர், வீராங்கனைகளை அளந்து 2010-ல் வெளியிட்டதில், ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு 40 மில்லிமீட்டருக்குள்ளும் பெண்களில் அதே அளவு பேருக்கு 34-க்குள்ளும் அடங்கிவிட்டது. ஒலிம்பிக் அளவில் ஆடுகிறவர்களே இந்தக் கோட்டைத் தாண்டுவது அபூர்வம் என்றால், ஓர் இளைஞனுக்கு 42, அதாவது 4.2 சென்டிமீட்டர், என்று வந்தால் ‘ஆட்டத்தால வந்தது, விடு’ என்று சொல்லக் கூடாது. உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாலிபால் ஆடுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஃப்ளோ ஹைமன். அமெரிக்க அணிக்காக 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர், ஆறடி ஐந்து அங்குலம், அந்தக் காலத்தில் உலகத்தின் மிகச் சிறந்த அட்டாக்கர்களில் ஒருவர். 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானில் மட்சுயே என்கிற ஊரில் லீக் ஆட்டத்தின் நடுவில் மாற்று ஆள் இறங்க வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள், பிரேதப் பரிசோதனையில்தான் பெருந்தமனி கிழிந்தது தெரிந்தது. அவருக்கு மார்ஃபான் நோய்க்குறி இருந்திருக்கிறது, உயிரோடு இருந்தவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் உடன்பிறந்தவரைப் பரிசோதித்து, அவருக்கும் அதே நோய் இருப்பது தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். இதை அந்த டாக்டர் எங்களிடம் சொன்னபோது பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான். அவனுடைய ஆட்டம் இல்லையா.

மார்ஃபான் என்பது உடம்பின் இணைப்புத் திசு பிறவியிலேயே பலவீனமாக இருப்பது. சுமார் ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். ஒல்லியான நெட்டையான உடம்பு, நீண்ட கை கால், சிலந்திக் கால் மாதிரி விரல், நெஞ்செலும்பு உள்ளே குழிந்தோ வெளியே துருத்தியோ இருப்பது, முதுகு வளைவு, கண்ணில் லென்ஸ் இடம் நகர்வது, இதெல்லாம் வெளியே தெரிகிறவை. வெளியே தெரியாமல் உள்ளே பெருந்தமனியின் வேர் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். இதில் கொடுமை என்னவென்றால், வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் ஆள் தேடும்போது நாம் தேடுவதும் இதே உடம்பைத்தான். உயரமான, கை நீண்ட பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்து வருகிற பயிற்சியாளர்களே, ஒரே ஒரு முறை அந்தப் பிள்ளைகளை எக்கோவுக்கு அனுப்புங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இனி அந்த மையத்தில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன்.

உள்ளே போனதும் மெஷினில் படுக்க வைக்கவில்லை. டாக்டர் முதலில் பையனைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார், அப்புறம் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை டேப் வைத்து அளந்தார். 196 வந்தது. உயரத்தை விடக் கை அகலம் 1.05 மடங்குக்கு மேல் போனால்தான் கவனிக்க வேண்டுமாம், இவனுக்கு அவ்வளவு இல்லை. கட்டை விரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களை மூடச் சொன்னார், கட்டை விரல் நகம் முழுதும் சுண்டு விரல் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்க. ஒரு கையால் அடுத்த கை மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார், கட்டை விரலும் சுண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்று பார்க்க. சட்டையைக் கழற்றி முதுகைக் குனியச் சொல்லிப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், கண்ணாடி பவர் கேட்டார். பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது, ஒரு பைசா கருவி தேவையில்லை, ஒரு டேப் போதும். இதை முதல் இடத்தில் ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்னும் ஆற்றாமை இருக்கிறது.

அப்புறம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். யாராவது சின்ன வயசில் திடீரென்று போயிருக்கிறார்களா என்று. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, மச்சானோட அண்ணன், அவரும் நல்ல உயரம், நாற்பது வயசு வாக்கில் வயலில் இருந்து வீட்டுக்கு வந்தவர் முதுகு வலிக்கிறது என்று படுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார், மாரடைப்பு என்றார்கள் என்றாள். டாக்டர் பேனாவை நிறுத்தி, ‘நெஞ்சு வலியா, முதுகு வலியா? திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா?’ என்று திரும்பக் கேட்டார். பெருந்தமனி கிழிகிறபோது வருகிற வலி சட்டென்று உச்சத்தில் வரும், கிழிக்கிற மாதிரி இருக்கும், நெஞ்சில் இருந்து முதுகுக்குப் பாயும். கிராமத்தில் திடீரென்று போகிறவர்கள் எல்லோரையும் மாரடைப்பு என்று எழுதிவிடுகிறோம், அதில் சிலது இதுவாக இருக்கும் என்றார். பெரியப்பாவுக்கு என்ன நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த ஒரு பதிலுக்காக மச்சானையும் எக்கோவுக்கு வரச் சொன்னார். மச்சான் ‘எனக்கு என்ன, நான் நல்லா இருக்கேன்’ என்று முறுக்கிக்கொண்டு நின்றார், பையன்தான் ‘வாங்கப்பா’ என்று இழுத்து வந்தான்.

எக்கோ அறை சின்னது, ஏசி நன்றாக வேலை செய்கிறது. பையனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜெல் தடவி, டாக்டரே புரோப் என்கிற ஸ்கேன் கருவியைப் பிடித்தார், டெக்னீஷியனிடம் விட்டுவிட்டு வெளியே போகவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பெருந்தமனியை ஓர் இடத்தில் மட்டும் அளக்கவில்லை. வால்வு வளையம், அதற்கு மேலே புடைத்திருக்கிற வேர்ப் பகுதி, அது சுருங்கி நேர்க் குழாயாக மாறுகிற இடம், அதற்கு மேலே ஏறுகிற குழாய் என்று நாலு இடம். வேர்ப் பகுதியில் கோடு போட்டதும் 3.8 என்று வந்தது. கொஞ்சம் நகர்த்தி மறுபடி போட்டார், 3.8. ‘சரி, இப்ப அவங்களுக்கு எப்படி 4.2 வந்துச்சுன்னு காட்டுறேன்’ என்று சொல்லி புரோபை லேசாகச் சாய்த்தார். அதே பையன், அதே நெஞ்சு, திரையில் குழாய் அகலமாகிவிட்டது, கோடு போட்டால் 4.1. வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம், சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் வருகிற மாதிரிதான். உள் சுவரில் இருந்து உள் சுவருக்கு அளக்கிறார்களா, முன் விளிம்பில் இருந்து முன் விளிம்புக்கு அளக்கிறார்களா என்பதிலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறிவிடும். அதனால் எந்த முறையில், இதயம் விரிந்த நிலையிலா சுருங்கிய நிலையிலா, எந்த இடத்தில் அளந்தோம் என்பதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும், அடுத்த தடவை அதே முறையில்தான் அளக்க வேண்டும் என்றார். இவருடைய ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஊரில் நான் பார்த்த எந்த எக்கோ ரிப்போர்ட்டிலும் இருந்ததில்லை.

வால்வில் மூன்று இதழ் இருக்கிறதா என்றும் பார்த்தார். நூறு பேரில் ஒருவர் இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான் இருக்கும், அவர்களுக்கும் பெருந்தமனி விரிய வாய்ப்பு அதிகம். இவனுக்கு மூன்றும் அழகாக மூடித் திறந்தது. வேர்ப் பகுதிக்கு மேலே அந்தச் சுருக்கமும் அப்படியே இருந்தது. மார்ஃபானில் அந்த இடுப்பு மறைந்து பேரிக்காய் போல ஆகிவிடும் என்று படம் எடுத்துக் காட்டினார்.

3.8 என்பது நல்லதா கெட்டதா? இங்கேதான் உயரம் கணக்குக்குள் வருகிறது. நம்ம ஊரில் ஐந்தரை அடி ஆளுக்கு 3.8 வந்தால் ஒரு பேச்சு, ஆறடி நாலு அங்குலம் உள்ளவனுக்கு வந்தால் வேறு பேச்சு. வயது, ஆணா பெண்ணா, உயரம், எடை எல்லாம் போட்டு இசட் ஸ்கோர் என்று ஒன்று கணக்கிடுகிறார்கள், இரண்டுக்கு மேல் போனால் விரிவு என்று எடுத்துக்கொள்வார்கள். இவனுக்கு 1.9. அதாவது உள்ளே இருக்கிறான், ஆனால் வேலியை ஒட்டி நிற்கிறான். அதைத் தடவிக்கொடுத்து மறைக்காமல் அப்படியே சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது. உயரம் கூடக் கூடப் பெருந்தமனியும் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் சொன்னார். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து வீரர்கள் 526 பேரை அளந்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள், சராசரி உயரமே 200 சென்டிமீட்டர், அவர்களில் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தது நூற்றுக்கு 4.6 பேருக்குத்தான், அதிகபட்சமே 42. ஏழடி ஆளுக்கும் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை. ஆகவே ‘உயரமான பையன், அப்படித்தான் இருக்கும்’ என்பதும் முழுப் பதில் இல்லை.

முடிவாகச் சொன்னது இது. ஆடலாம். முகாமுக்குப் போகலாம். ஆறு மாதம் கழித்து இதே மெஷினில் இதே முறையில் ஒரு தடவை, அதற்குப் பிறகு வருடம் ஒரு தடவை அளக்க வேண்டும், கூடிக்கொண்டே போனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். கண் மருத்துவரிடம் லென்ஸைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். மதுரையில் இருந்துகொண்டு கண்ணுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்க மாட்டோம், அரவிந்தில் பார்த்ததில் இரண்டு லென்ஸும் இடத்தில் இருந்தது. மச்சானுக்கு 3.5, ஒன்றும் இல்லை. அவருக்கு ரத்த அழுத்தம்தான் 150-க்கு 94 இருந்தது, அதற்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். பெருந்தமனிக்கு ரத்த அழுத்தம்தான் முதல் எதிரி என்று அவரிடமும் ஒரு பாடம் நடந்தது.

ஜிம் விஷயத்தில்தான் பையனுக்கும் டாக்டருக்கும் கொஞ்சம் இழுபறி. அவனுக்கு ஸ்குவாட்டில் எடை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். டாக்டர் மறுத்தார். 1985-ல் எடை தூக்குகிறவர்களின் கை நாடிக்குள் கருவியை வைத்து அளந்திருக்கிறார்கள், இரண்டு காலாலும் பெரும் எடையைத் தள்ளும்போது ஒருவருக்கு ரத்த அழுத்தம் 480-க்கு 350 வரை போயிருக்கிறது. நம்ம வீட்டில் 160 என்றாலே ஆட்டோ பிடிக்கிறோம். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்குகிற அந்தச் சில நொடிகளில்தான் பெருந்தமனிச் சுவர் மேல் அவ்வளவு பாரம் விழுகிறது. அதனால் எடை குறைவாக, எண்ணிக்கை அதிகமாக, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுத் தூக்கு, முடிகிற உச்ச எடையை ஒருபோதும் முயற்சி செய்யாதே என்று ஒரு தாளில் தமிழில் எழுதியே கொடுத்தார். பொங்கலுக்கு ஊரில் இளவட்டக்கல் தூக்குகிறாயா என்றும் கேட்டார். அவன் சிரித்தான், ஏனென்றால் போன பொங்கலுக்குத் தூக்கியிருந்தான். இனிமேல் வேண்டாம்.

இன்னொன்று சொன்னார், இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பெருந்தமனி விரிவு இருக்கிறவர்களும் மார்ஃபான் உள்ளவர்களும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கை வேறு வழி இருக்கும்போது எடுக்கக் கூடாது. பெருந்தமனி கிழிகிற ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2018 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. நாம் என்ன செய்கிறோம், வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கலில் போய் நின்று ‘சிப்ரோ ரெண்டு குடுங்க’ என்று வாங்கி விழுங்குகிறோம். போட்டிக்குப் போன இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைகள் செய்கிறது இதைத்தான். பையனோட அணிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லியாகிவிட்டது.

நிஜமாகவே விரிவு இருந்திருந்தால்? அதையும் கேட்டேன், பயந்துகொண்டேதான். இளம் வயதில் வேர் நாலு சென்டிமீட்டரைத் தாண்டி, மார்ஃபான் என்று உறுதியானால், வாலிபால் போலக் குதித்து மோதுகிற ஆட்டத்தைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்களாம். ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பார்கள், வருடா வருடம் அளப்பார்கள், மார்ஃபான் உள்ளவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டரைத் தொடும்போது, மற்றவர்களுக்குப் பொதுவாக ஐந்தரையை எட்டும்போது, கிழிவதற்கு முன்பே ஆபரேஷன் செய்துவிடுவார்கள். 2014-ல் ஐசையா ஆஸ்டின் என்கிற ஏழடிப் பையனுக்கு என்பிஏ தேர்வுக்குச் சில நாள் முன்னால்தான் மார்ஃபான் என்று கண்டுபிடித்தார்கள், கனவு அன்றைக்கே நின்றது, ஆனால் உயிரோடு இருக்கிறார். ஜெஃப் கிரீன் என்கிற என்பிஏ வீரருக்கு 2011 டிசம்பரில், அணியில் சேரும்போது செய்கிற வழக்கமான பரிசோதனையில் பெருந்தமனி வீக்கம் தெரிந்து, 2012 ஜனவரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அடுத்த சீசனில் ஆட வந்தார், 2023-ல் டென்வர் அணி கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். ஆக, தெரிந்துகொள்வதால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதற்கு அர்த்தமே இல்லை. இத்தாலியில் 1982-லிருந்து போட்டியில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் சட்டப்படி இதயப் பரிசோதனை உண்டு. இங்கே தகுதிச் சான்று என்பது பெரும்பாலும் ஒரு சீலும் ஒரு கையெழுத்தும்தான், நாடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தருகிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது.

ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓடுகிற நம்ம வயசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது வயதுக்கு மேல் போட்டிகளில் ஓடுகிற, துடுப்புப் போடுகிற 442 பேரை அமெரிக்காவில் அளந்து 2020-ல் வெளியிட்டார்கள், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குப் பெருந்தமனி 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. அதனால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வருடக்கணக்காக மாரத்தான் ஓடுகிறவர்கள் ரத்த அழுத்தத்தையும் ஒரு தடவை பெருந்தமனி அளவையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, மையத்தில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, வயசானவர்களைக் கூட்டிப் போனால் படியேற்றுவது பெரும்பாடு, இதய நோயாளிகள் வருகிற இடத்தில் இது பெரிய குறைதான். டோக்கன் கொடுத்தாலும் டாக்டர் ஒவ்வொருவருக்கும் நேரம் எடுப்பதால் வரிசை நகராது, ஆறு மணிக்கு என்று சொன்னால் எட்டு மணி ஆகும், உட்கார நாற்காலியும் போதாது. ரிப்போர்ட் முழுதும் ஆங்கிலத்தில்தான், தமிழில் எழுதிக் கொடுத்தது டாக்டர் தானாகச் செய்தது. வரவேற்பில் இருக்கிற பெண் போனை எடுப்பதே அபூர்வம், நேரில் போய்ப் பெயர் கொடுத்து வருவது நல்லது. ஆனால் பெண் பிள்ளைகளை அழைத்துப் போகிற பெற்றோருக்கு இந்த இடம் நிம்மதி. டாக்டரும் பெண், கூட நிற்கிறவரும் பெண், திரை போட்டு, கதவைச் சாத்தி, பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் துணியை விலக்குகிறார்கள். வாடிப்பட்டியிலிருந்து கபடி ஆடுகிற ஒரு பிள்ளையை அவள் ஆச்சி கூட்டி வந்திருந்தார், அந்தப் பிள்ளை உள்ளே போகும்போது இருந்த கூச்சம் வெளியே வரும்போது இல்லை.

எக்கோ, ஈசிஜி, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்த நேரத்துக்கும் விளக்கத்துக்கும் அது நியாயம். அவ்வளவு முடியாதவர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது, அங்கே போகிறவர்களும் பையன் விளையாடுகிறவன், உயரம் இவ்வளவு, குடும்பத்தில் இப்படி ஒரு சாவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெருந்தமனி வேரை அளந்து எழுதிக் கொடுங்கள் என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்டால் அளப்பார்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் அந்தப் படிக்கட்டுக்காகக் குறைத்தது. போகிறவர்கள் பழைய எக்கோ இருந்தால் ரிப்போர்ட்டோடு படம் பதிந்த சிடியையும் வாங்கிக்கொண்டு போங்கள், இங்கே அதைப் போட்டுப் பார்த்து எங்கே அளந்தார்கள் என்று சொல்கிறார்கள். நம்ம எக்கோ வீடியோவையும் கேட்டால் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள், பென் டிரைவ் நாம்தான் கொண்டு போக வேண்டும். பயிற்சி முடித்த வேர்வையோடு நேரே போகாதீர்கள், ரத்த அழுத்தம் தப்பாகக் காட்டும், அரை மணி நேரமாவது உட்கார்ந்த பிறகுதான் பார்ப்பார்கள். ஞாயிறு விடுமுறை.